ஏணியின் அடிப்படியில் நிற்பவர் யார்?

"இங்கே அப்படி ஒன்றும் இல்லை, சுவாமி." புத்தளம் கரையோரத்தில், கற்பிட்டி தொடங்கி சிலாபம் வரை, சாதியைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் கிடைப்பது இந்தப் பதில்தான். பேச்சு சற்று நீண்டால் இரண்டாவது பதில் வரும்: "அதெல்லாம் யாழ்ப்பாணத்தாருடைய வேலை. நாங்கள் கடலை நம்பிப் பிழைக்கிற சனம்." தேநீர் குடித்து, படலைவரை வந்து வழியனுப்பும்போதுதான் மூன்றாவது பதில் மெல்ல வெளியே வரும்: "அந்தப் பக்கத்து ஆக்களோடு மட்டும் நாங்கள் கொண்டு கொடுக்கிறதில்லை."

இந்த மூன்றாவது பதிலைச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவருடைய விரல் கீழ்நோக்கியே நீளும். வள்ளமும் வலையும் உள்ள சம்மாட்டி, கூலிக்குக் கடலுக்குப் போகிறவரைக் காட்டுவார். கூலிக்குப் போகிறவர் தென்னந்தோட்டத்து லயத்தைக் காட்டுவார். லயத்தில் இருப்பவர் நகரத்துத் துப்புரவுத் தொழிலாளரின் வரிசை வீடுகளைக் காட்டுவார். அங்கே போய்க் கேட்டால், அந்த வரிசைக்குள்ளும் ஒரு கடைசி வீடு இருக்கிறது.

மேலிருந்து கீழே வரும் ஒடுக்குமுறை பற்றி நாம் ஓரளவு பேசியிருக்கிறோம். கருத்தரங்கு வைத்திருக்கிறோம், சுவரொட்டி ஒட்டியிருக்கிறோம். ஒடுக்கப்பட்டோர் தமக்குள்ளேயே படிப்படியாகப் பிரிக்கப்பட்டிருப்பதைப் பற்றி வாய் திறப்பது அபூர்வம். பேசினால் ஒற்றுமை குலைந்துவிடும் என்ற அச்சம் ஒருபுறம். "அவர்களே தங்களுக்குள் சாதி பார்க்கிறார்கள், எங்களை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?" என்று கேட்க மேலே இருப்பவர்கள் காத்திருக்கிறார்கள் என்ற தயக்கம் மறுபுறம். இரண்டுமே நியாயமானவை. ஆயினும் அபிவிருத்திப் பணியில் இருப்பவர்களுக்கு இந்த மௌனம் கட்டுப்படியாகாது. ஏனென்றால் நமது உதவிகள் எந்தப் படியில் வந்து நின்றுவிடுகின்றன என்பதை இந்த மௌனமே மறைக்கிறது.

பஞ்சமர் என்னும் ஒரே சொல்

சாதிகளை எழுத்தில் வரிசைப்படுத்தும் வேலையைச் செய்தவர்களுள் ஒருவர் எமது கரையைச் சேர்ந்தவர். 1807-ல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834-ல் இலங்கையின் ஊர்களையும் குடிகளையும் பற்றிய ஆங்கில அகராதியொன்றை வெளியிட்டார். தமிழரின் சாதிகள், வழக்கங்கள், இலக்கியம் பற்றி அவர் எழுதிவைத்த நூல் அவர் இறந்து பல காலத்துக்குப் பின் 1934-ல் அச்சேறியது. கற்பிட்டியிலே பிறந்து வளர்ந்த ஒருவருக்குச் சாதி ஒரு நூல் அளவுக்கு எழுதக்கூடிய விடயமாக இருந்தது என்பதை, "இங்கே ஒன்றும் இல்லை" என்கிறவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

எனினும் இந்த ஏணியைப் படிப்படியாகப் பார்ப்பதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் ஆகிய ஐந்து பிரிவினரைச் சேர்த்துப் பஞ்சமர் என்றார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரே கூட்டம். கோவிலுக்குள் போக முடியாது, தேநீர்க்கடையில் மற்றவர் குடிக்கும் பாத்திரம் கிடையாது, நல்ல தண்ணீர்க் கிணற்றில் வாளி போட முடியாது. உள்ளே நிலைமை வேறு. சலவைத் தொழிலாளரும் முடிதிருத்துவோரும் தொழில் காரணமாக வெள்ளாளர் வீட்டு வளவுக்குள் போய்வந்தார்கள். கலியாணத்திலும் செத்தவீட்டிலும் அவர்களுக்கு ஒரு கடமையும் அதற்குரிய வரும்படியும் இருந்தன. அந்த உரிமையைக் காக்க வேண்டுமானால் பள்ளருக்கும் நளவருக்கும் அவர்கள் வெளுக்கவோ முடி வெட்டவோ கூடாது. வயலில் உழைத்த பள்ளரும் பனையில் சீவிய நளவரும் தம்மில் எவர் உயர்ந்தவர் என்று வழக்காடினார்கள். இருவரும் சேர்ந்து, பறை அடித்தவரைத் தமக்குக் கீழே வைத்தார்கள்.

வண்ணார் வெளுக்க மாட்டார் என்றால் பள்ளர், நளவர் வீட்டுத் துணியை வெளுப்பது யார்? பிள்ளைப்பேற்றுத் துணி, செத்தவீட்டுத் துணி ஆகியவற்றுக்கும் ஓர் ஆள் வேண்டுமே. அதற்கென்று ஒரு பிரிவு இருந்தது. அவர்களைத் துரும்பர் என்றார்கள். தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களுக்கே ஊழியம் செய்தவர்கள் அவர்கள். பகலில் நடமாடக்கூடாது, இரவில் போகும்போதும் காய்ந்த பனையோலையை நிலத்தில் இழுத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தால் தம் வருகையை அறிவிக்கவேண்டும் என்ற வழக்கம் இவர்கள்மீது சுமத்தப்பட்டிருந்ததாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன.

பாக்கு நீரிணையின் மறுகரையிலும் இதே ஏற்பாடு உண்டு. தமிழ்நாட்டில் பள்ளருக்கும் பறையருக்கும் வெளுத்த புதிரை வண்ணார் கண்ணில் பட்டாலே தீட்டு என ஒதுக்கப்பட்டிருந்ததை, 1932-ல் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த செய்தியொன்று வெளியுலகுக்குத் தெரியப்படுத்தியது. இரண்டு கரைகளிலும், வெவ்வேறு ஆட்சிகளின் கீழ், ஒரே மாதிரியான கடைசிப் படியொன்று அமைக்கப்பட்டிருக்கிறது. இதைச் சிலருடைய குணக்கேடு என்று ஒதுக்க முடியாது.

இதன் இயக்கத்தை மிகத் தெளிவாக விளக்கியவர் அம்பேத்கர். சாதி சமூகத்தை மேல், கீழ் என இரண்டாக மட்டும் பிரிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தலைக்குமேல் ஒருவரையும் காலுக்குக்கீழ் ஒருவரையும் வைத்திருக்கிறது என்பதே அவர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை. எல்லோரும் சமமாக மிதிக்கப்பட்டால் எல்லோரும் சேர்ந்து எழுவார்கள். ஒவ்வொருவருக்கும் இழப்பதற்கு ஒரு சிறு மேன்மை இருந்தால் அதைக் காப்பாற்றுவதிலேயே அவர்கள் காலம் போய்விடும். சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிய கடற்றொழிலாளி, கடன்பட்டவனாயினும் தன்னைத் தோட்டக்காட்டான் என்று ஒருவர் அழைத்துவிட்டால் கொதிப்பதைப் பார்த்திருக்கிறேன். கடனைப் பற்றி அவருக்கு அத்தனை கோபம் வரவில்லை.

சட்டம் எட்டிய இடம்

இலங்கையில் சாதிக் கொடுமைக்கு எதிரான போராட்டம் சிறியதல்ல. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும் என்பதற்காகவே யாழ்ப்பாணத்தில் பெரும் குழப்பம் நடந்தது. 1957-ல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அது 1971-ல் மேலும் கடுமையாக்கப்பட்டது. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலமும், அதன்பின் நடந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களும், 1968-ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் நடந்த போராட்டமும் பலருக்கு நினைவிருக்கும். அவற்றில் பல பிரிவினரும் தோளோடு தோள் நின்றார்கள். அடியும் வாங்கினார்கள். 1978 அரசியலமைப்பின் 12-ஆம் உறுப்புரை சாதியின் பேரால் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. கடை, உணவகம், தத்தம் சமய வழிபாட்டிடம் ஆகியவற்றுக்குள் செல்வதை அக்காரணத்தால் தடுக்கக்கூடாது என்கிறது.

கதவு உள்ள இடங்களுக்கெல்லாம் சட்டம் வந்தது. ஆனால் நளவர் வீட்டில் பறையர் ஒருவருக்குத் தண்ணீர் எதில் கொடுக்கிறார்கள், துரும்பர் வீட்டுப் பெண் பிள்ளையை யார் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் எந்தச் சட்டத்துக்கும் எட்டாது. கோவில் வாசலில் சேர்ந்து நின்றவர்கள் வீட்டு வாசலில் பிரிந்தார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் போராட்டம் எங்கே முடிந்ததோ அங்கேயிருந்து அடுத்த வேலை தொடங்குகிறது என்கிறேன்.

மலையகத்துக்கு வந்தவர்களின் கதையும் இத்தகையதே. தோட்டத் தொழிலாளரில் பெரும்பான்மையோர் தமிழகத்தின் பள்ளர், பறையர், அருந்ததியர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கங்காணிமார் சாதி சாதியாக ஆள்சேர்த்தார்கள். லயங்களும் பெரும்பாலும் அப்படியே ஒதுக்கப்பட்டன. கொழும்பு, கண்டி முதலான நகரங்களின் தெருக்களையும் மலகூடங்களையும் துப்புரவாக்க ஆங்கிலேயர் கொண்டுவந்தவர்களில் அருந்ததியர் அதிகம். அவர்களுடைய சாதிப்பெயர் இன்றும் நமது ஊர்களில் வசவுச் சொல்லாகப் புழங்குகிறது. தோட்டத் தொழிலாளரே அதை வசவாகப் பயன்படுத்துவதை நாம் கேட்கிறோம். 1948-ல் குடியுரிமைச் சட்டம் இவர்கள் எல்லோரையும் ஒரே கோட்டில் நாடற்றவர்களாக நிறுத்தியது. 1964-ல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இவர்களைத் தலை எண்ணிப் பங்கு பிரித்தது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ல் தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு பொதுத் துன்பம் அனுபவித்த பிறகும் தோட்டத்து லயத்துக்கும் நகரத்துத் துப்புரவு வரிசைக்கும் இடையே சம்பந்தம் நடப்பது அரிது. துன்பம் தானாகவே மனிதரை ஒன்றுசேர்க்கும் என்று நாம் பிரசங்கங்களில் சொல்வதுண்டு. அதற்கு இங்கே சான்று குறைவு.

போரும் அப்படியே. எல்லோரையும் ஒரே மாதிரி இடம்பெயர்த்தது. ஆனால் எல்லோரையும் ஒரே மாதிரி திரும்பவிடவில்லை. கலிங்க ரியூடர் சில்வா, பி. பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகியோர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு, யாழ்ப்பாண முகாம்களில் ஆண்டுக்கணக்காகத் தங்கிப்போனவர்கள் யார் என்று பார்த்தது. காணியும் வெளிநாட்டு உறவும் உள்ளவர்கள் முதலில் வெளியேறியிருந்தார்கள். முகாமில் மீந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் பஞ்சமர். அவர்களிடம் காசு இருந்தால்கூட ஊருக்குள் காணி விற்க ஆளில்லை. மல்லாகம் போன்ற இடங்களில் முகாம் என்பது காலப்போக்கில் சாதிக் குடியிருப்பாகவே மாறியது. எமது புத்தளத்திலும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் மக்களை, அவர்கள் பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்த பின்னும் "அகதி" என்றே அழைத்த ஏழைகள் இருந்தார்கள். அது சாதி அல்லவாயினும், தனக்குக் கீழே ஒருவரைக் கண்டுபிடிக்கும் அதே அவசரம்தான்.

நமது வீட்டுக்குள்ளும்

திருச்சபை இதற்கு வெளியே நின்றதில்லை. புனித யோசப்வாஸ் அடிகளாரை இந்த மாவட்டத்தார் தம்மவராகவே கொண்டாடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரின் நெருக்கடி முற்றியபின் 1690-ஐ ஒட்டிப் புத்தளத்துக்கு வந்து, இங்கிருந்து 1692-ல் கண்டிக்குப் போனவர் அவர். பிச்சைக்காரர் கோலத்தில் நடந்து திரிந்த அந்த மனிதருடைய அர்ப்பணத்தில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அவர் பிறந்த கோவாவின் நிலைமையைப் பாருங்கள். போர்த்துக்கேயத் துறவற சபைகள் உள்நாட்டவரைச் சேர்க்கவில்லை. ஆகவே பிராமணக் குலத்துக் குருக்கள் தமக்கென ஓர் ஒரட்டோரியன் சபையை அமைத்துக்கொண்டார்கள். அதில் சார்தோ எனப்பட்ட அடுத்த சாதியாருக்கு இடமில்லை. அவர்கள் சிம்பெலில் கார்மேல் சபைக் குழுவொன்றோடு தனியே நின்றார்கள். வெளியே தள்ளப்பட்டவர் தம் பங்குக்கு இன்னொருவரை வெளியே தள்ளினார். இதை நான் சொல்வது புனிதரைக் குறைப்பதற்கல்ல. தாழ்த்தப்பட்டவர்கள்தான் தமக்குள் பிரிந்து நிற்கிறார்கள் என்று குருமார் கூட்டத்தில் யாராவது சொல்லும்போது எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஒடுக்கப்பட்டோரின் கதையை எழுத்தாளர் கே. டானியல் தம் 'கானல்' நாவலில் எடுத்தாண்டார். தலைப்பே அவருடைய தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. சற்றுக் கடுமையான தீர்ப்புத்தான். மிஷன் பாடசாலை இல்லாதிருந்தால் பலருக்கு எழுத்தே கிடைத்திராது. ஆனாலும் ஒரே பலிப்பீடத்தில் ஒரே அப்பத்தை உண்டவர்கள் வீட்டில் சேர்ந்து சோறு உண்ணவில்லை என்ற அவருடைய வாதத்துக்கு நம்மிடம் பதில் இல்லை.

பிரித்துக் கொடுப்பதா, பிரிவினையா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. அங்கே பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அதில் அருந்ததியருக்குத் தங்கள் தொகைக்கு ஏற்ற பங்கு கிடைப்பதில்லை என்ற முறைப்பாடு நெடுங்காலமாக இருந்தது. நீதிபதி ஜனார்த்தனம் குழுவின் அறிக்கைக்குப் பின், 2009-ல் அந்த 18-க்குள் 3 விழுக்காடு அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. ஆந்திரத்தில் மாலா, மாதிகா பிரிவினரிடையே 1990-களில் எழுந்த இதே வழக்கை இந்திய உச்ச நீதிமன்றம் 2004-ல் நிராகரித்தது. பட்டியல் சாதியினர் எல்லோரும் ஒரே வகுப்பு, அதைப் பிரிக்க மாநிலத்துக்கு உரிமையில்லை என்றது. 2024 ஓகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 2025-ல் தெலங்கானா தன் 15 விழுக்காட்டை 1, 9, 5 என மூன்று தொகுதிகளாகப் பிரித்தது.

எதிர்ப்பவர்களையும் கேட்கவேண்டும். தலித் அரசியலின் பலமே எண்ணிக்கை; அதை அரசு துண்டுபோட்டால் ஆளும் கட்சிகளுக்குத்தான் இலாபம் என்கிறார்கள். காலியாகக் கிடக்கும் இடங்களை நிரப்பாமல் இருப்பவற்றைப் பங்கு போடுவது ஏமாற்று என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் மதுரை மாவட்டம் சந்தையூரில் 2018-ல் நடந்ததையும் மறக்க முடியாது. பறையர் கோவிலைச் சுற்றி எழுந்த சுவர் தங்களை ஒதுக்குவதற்கே கட்டப்பட்டது என்று அருந்ததியர் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறி மலையடிவாரத்தில் போய் இருந்தார்கள். அது கோவிலின் பாதுகாப்புச் சுவர் மட்டுமே என்றார்கள் மற்றவர்கள். யார் பக்கம் நியாயம் என்பதைவிட, இரு தரப்பாரும் தலித் மக்கள் என்பதே என்னை உறுத்துகிறது. கடைசியில் நிற்பவரை வாய்மூடச் சொல்லிக் கட்டப்படும் ஒற்றுமை அந்தச் சுவரைப் போன்றதுதான் என்பது என் எண்ணம்.

இலங்கையில் இப்படியான பட்டியலே இல்லை. குடிசனக் கணக்கெடுப்பில் சாதி பற்றிய கேள்வி கிடையாது. அது நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். விளைவு என்னவென்றால், நிறுவனங்களின் படிவங்களில் எல்லோரும் "வறிய குடும்பங்கள்" என்ற ஒரே நிரலில் வருகிறார்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் உதவி எப்படிப் போனது என்று நினைத்துப் பாருங்கள். வள்ளத்துக்கு வள்ளம், வலைக்கு வலை. வள்ளமே இல்லாமல் மீன் சுமந்தவருக்கும் கருவாடு காயப்போட்டவருக்கும் இழப்புப் பத்திரத்தில் எழுத என்ன இருந்தது? நாகப்பட்டினத்தில் பிணங்களை அகற்ற வேறு நகராட்சிகளிலிருந்து துப்புரவுப் பணியாளர்களைக் கொண்டுவந்தார்கள். மற்ற எல்லோரும் ஓடிய இடத்துக்கு, பிறப்பால் அந்த வேலைக்கென்று குறிக்கப்பட்டவர்களை அனுப்பினார்கள். நிவாரணக் கதைகளில் அவர்கள் அதிகம் தென்படவில்லை.

நமது சேமிப்புக் குழுக்களையே எடுத்துக்கொள்வோம். பங்களாதேசின் கிராமீன் வங்கியைப் பின்பற்றி, ஐந்து பெண்கள் தாமாகவே ஒருவரையொருவர் தெரிந்தெடுத்து, ஒருவருக்கொருவர் பிணை நிற்கவேண்டும் என்ற விதியைப் பலரும் பின்பற்றுகிறார்கள். கேட்க அழகான விதி. தாமாகத் தெரிந்தெடுக்கச் சொன்னால் மனிதர் தம் ஆக்களைத்தான் தெரிந்தெடுப்பார்கள். கிராமம் முழுவதும் குழுக்கள் அமைந்து முடிந்தபின் மூன்று நான்கு வீடுகள் எதிலும் சேராமல் மீந்திருக்கும். கள உத்தியோகத்தர் அவர்களுக்கு எதிரே "ஆர்வம் இல்லை" என்று எழுதுவார். இப்படி மீந்துபோன வீடுகளின் பட்டியலைத் தனியே எடுத்து, ஒரு வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். கிராமத்தின் சாதி அமைப்பு எந்த ஆய்வாளரும் இல்லாமலே கண்முன் வரும்.

எமது கரையில் ஒரு நகரத்தை அடுத்த குடியிருப்பில் கடந்த ஆண்டு இவ்வாறு செய்தோம். மீந்தவை ஏழு வீடுகள். ஏழும் துப்புரவுத் தொழிலாளரின் பின்வரிசையில் இருந்தன. முன்வரிசையாரும் துப்புரவுத் தொழிலாளரே. ஆனால் அவர்கள் தெரு கூட்டுபவர்கள். பின்வரிசையார் மலக்குழி வண்டியில் வேலை செய்பவர்கள். முன்வரிசைத் தலைவி மறைக்காமல் சொன்னார்: "நாங்கள் பட்ட அவமானம் போதாதா, சுவாமி? அவர்களோடு சேர்ந்தால் எங்கள் பிள்ளைகளையும் அதே பெயரால் கூப்பிடுவார்கள்." அதற்கு உடனடியாகச் சொல்லத்தக்க பதில் எளிதல்ல. அவர் பயப்படுவது நடக்கக்கூடியதே.

கூட்டம் வழக்கமாகக் காலை பத்து மணிக்கு. பின்வரிசைப் பெண்கள் விடியுமுன் வேலைக்குப் போய் மதியத்துக்குப் பின்தான் திரும்புவார்கள் என்பதைப் பட்டியல் எடுத்தபோதே அறிந்தோம். நேரத்தை மாலை நாலரைக்கு மாற்றியதும் முதல் கூட்டத்துக்கு இருவர் வந்தார்கள். வாசலருகே இருந்தார்கள், பேசவில்லை. மூன்றாவது கூட்டத்தில் அவர்களில் மூத்தவர் எழுந்து, புதிய தண்ணீர்த் தாங்கிக்குக் குழாய் எங்கே போடப்போகிறீர்கள் என்று கேட்டார். முன்வரிசையின் தொங்கலில் என்று திட்டத்தில் இருந்தது. இரண்டு வரிசைக்கும் நடுவே போட்டால் தங்கள் பிள்ளைகள் யாருடைய முற்றத்தையும் தாண்டாமல் தண்ணீர் எடுக்கலாம் என்றார். முன்வரிசையில் சிலர் முணுமுணுத்தார்கள். தலைவி ஒன்றும் சொல்லவில்லை. நடுவே போடுவதானால் மேலதிகமாக முப்பது அடிக் குழாய் வேண்டும். அதற்கான செலவைக் கணக்குப் பார்த்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரும்படி அவரையும் தலைவியையும் சேர்த்துக் கேட்டிருக்கிறோம்.